தெருவே காஞ்சப்புறமும் நிக்கிற ஆஷ் மரம்: போத்து வெட்டி நட்டா வருமா?

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க மிச்சிகன்ல கேன்டன் பக்கம் இருக்கோம், 2017ல வீடு வாங்கினோம். பின்னாடி வேலி ஓரமா ஒரு பெரிய ஆஷ் மரம் நிக்குது. இந்த தெருவுல இருந்த மத்த ஆஷ் எல்லாம் 2008க்கு முன்னாடியே பச்சை வண்டு விழுந்து செத்துப்போச்சு, இது ஒண்ணுதான் மிச்சம்னு பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்றார். மரம் வெட்டுற கம்பெனியில இருந்து வந்து பாத்தவங்க, இதுவும் எப்படியும் சாகும், இப்பவே வெட்டிடுங்க, இல்லைன்னா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மரத்துக்கு பூச்சி மருந்து ஊசி போடணும்னு சொல்றாங்க. அப்பா தாண்டிக்குடியில இருந்து வந்திருக்கார், காபி மிளகு விவசாயம். “எல்லாம் செத்து இது மட்டும் நிக்குதுன்னா இதுக்குள்ள ஏதோ இருக்குடா, போத்து வெட்டி நடு”ன்னு சொல்லி இருபது குச்சி வெட்டி தொட்டியில வெச்சார், ஒண்ணுகூட துளிர்க்கல. இது நிஜமாவே பூச்சியை தாங்குற மரமா? இதுல கன்னு எடுத்து தெருவுக்கே கொடுக்க முடியுமா? இல்ல வெட்டிடறதுதான் சரியா?

பதில்:

தம்பி, மரத்தை வெட்டாதீங்க. ஊசியும் வர்ற பிப்ரவரி தாண்டற வரைக்கும் வேண்டாம். இது ரெண்டையும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா கொட்டேஷனுக்கு ஓகே சொல்லிட்டீங்கன்னா அடுத்த வாரமே ரம்பத்தோட வந்து நிப்பாங்க. நான் ஒஹையோல பத்து வருஷத்துக்கு மேல ஆஷ் மரத்தை ஒட்டு கட்டறதும், அந்த ஒட்டுக்கன்னுல வண்டு முட்டையை வெச்சு எது தாங்குது எது தாங்கலன்னு பாக்கறதும்தான் வேலையா செய்யறேன், அதனால உங்க கடிதம் படிச்சதும் அந்த மரத்தை நேர்ல வந்து ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சுக்குது.

அப்பா சொன்னதுல முதல் பாதி ரொம்ப சரி. எல்லாம் செத்த இடத்துல ஒண்ணு நிக்குதுன்னா அதை விடக்கூடாது. இங்க இந்த வேலையே அப்படி மிஞ்சி நின்ன மரங்களை தேடிப் போனதுலதான் ஆரம்பிச்சது. ரெண்டாவது பாதி, அதான் போத்து விஷயம், ஆஷ் மரத்துக்கு ஒத்துவராது, அதுக்கு அப்புறம் வரேன்.

வண்டு கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். 2002 கோடையில டெட்ராய்ட் பக்கத்துல கண்டுபிடிச்சாங்க, உங்க வீட்டுல இருந்து காரெடுத்தா கொஞ்ச தூரம்தான். ஆனா செத்த மரங்களோட வளையத்தை வெச்சு பின்னாடி கணக்கு போட்டப்ப அது 90கள்லயே வந்து உக்காந்துடுச்சுன்னு தெரிஞ்சது, கிழக்கு ஆசியாவுல இருந்து சரக்கு பேக் பண்ற பலகைக்குள்ள ஒளிஞ்சு வந்திருக்கணும்னு நினைக்கறாங்க. வளந்த வண்டு பாக்க அழகா இருக்கும், மினுமினுன்னு பச்சை, அரை இஞ்ச் நீளம், இலையை கொஞ்சம் கொறிக்கும், அதால மரத்துக்கு பெருசா ஒண்ணும் ஆகாது. புழுதான் எமன். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ஈரமா மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கு பாருங்க, இலை சமைச்ச சாப்பாடு வேருக்கு இறங்குற வழி, அந்த அடுக்கை பாம்பு போன தடம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு தின்னுக்கிட்டே போகும். ஒண்ணு ரெண்டு புழுன்னா மரம் சமாளிச்சுக்கும், நூத்துக்கணக்குல இறங்கினா சுத்திவர பட்டையை உரிச்சு விட்ட மாதிரிதான், ரெண்டு மூணு வருஷத்துல உச்சி காஞ்சு வரும், அப்புறம் மொத்தமும் போயிடும். உங்க பக்கத்து ஹ்யூரான் ஆத்துப் படுகையில இருக்கற காடுகள்ல 2009க்குள்ளயே 99 சதவீதத்துக்கு மேல ஆஷ் செத்திருந்தது. 2017ல ஐயுசிஎன்ங்கற உலக இயற்கை பாதுகாப்பு அமைப்போட பட்டியல்ல வெள்ளை ஆஷ், பச்சை ஆஷ், கருப்பு ஆஷ்னு இங்க சாதாரணமா கிடந்த அஞ்சு வகையை அழிவோட விளிம்புல இருக்கறதா போட்டாங்க. பேஸ்பால் மட்டை செய்யற மரம், தெருவுக்கு தெரு நட்டு வெச்ச மரம், அதுக்கு இந்த கதி.

ஆஷ் மரம் நமக்கு அந்நியமா தெரியும், ஆனா அது மல்லிகைப்பூ குடும்பம், தம்பி. மல்லி, பவளமல்லி, ஆலிவ், ஆஷ் எல்லாம் ஒரே வம்சம். அப்பாகிட்ட சொல்லுங்க, அவருக்கு மரத்து மேல இன்னும் கொஞ்சம் ஒட்டுதல் வரும்.

இப்போ உங்க மரம். பிழைச்சிருக்குங்கறது ஒரு விஷயம், தாங்குதுங்கறது வேற விஷயம். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க, நானும் ஆரம்பத்துல எத்தனையோ மரத்தைப் பாத்து குதிச்சிருக்கேன். மரம் பிழைக்க பல காரணம் இருக்கு. முன்னாடி அந்த வீட்டுல இருந்தவங்க சத்தமில்லாம ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கலாம். அடிமரத்துல தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்குள்ள சுத்தி வந்து உக்காந்து பாருங்க, பென்சில் அகலத்துல வரிசையா ஓட்டை, அதுல பிளாஸ்டிக் அடைப்பு, இல்ல அடைப்பு மேல பட்டை மூடுன தழும்பு இருந்தா அது மருந்துல பிழைச்ச மரம். வேரடி மண்ணுல மருந்து கரைச்சு ஊத்தியிருந்தா தடயமே இருக்காது, அதனால பழைய ஓனர்கிட்டயோ அந்த பெரியவர்கிட்டயோ கேட்டே ஆகணும். இன்னொண்ணு, வண்டு அலை அடிச்சப்ப மரம் குச்சி மாதிரி சின்னதா இருந்திருக்கும், அதை வண்டு சீந்தாம விட்டிருக்கும். அப்பாவை விட்டு நூல் கயிறு எடுத்து நெஞ்சு உயரத்துல, அதாவது நாலரை அடியில, சுத்தளவு எடுக்க சொல்லுங்க. 50 இஞ்ச் பக்கம் வந்தா குறுக்களவு 16 இஞ்ச், அப்படின்னா 2005லயே அது வண்டுக்கு நல்ல தீனிதான், சும்மா விட்டிருக்க வாய்ப்பு கம்மி. ஒரே அடியில இருந்து ரெண்டு மூணு தண்டா கிளம்பி நின்னா ஜாக்கிரதை, பழைய மரம் செத்து அடிக்கட்டையில இருந்து துளிர்த்து வந்ததா இருக்கலாம்.

மூணாவதா, வகை. நீல ஆஷ்னு ஒண்ணு இருக்கு, அதோட இளங்குச்சி உருண்டையா இருக்காது, நாலு பக்கமும் லேசா விளிம்பு கட்டி சதுரமா இருக்கும், விரல்ல உருட்டுனாலே தெரிஞ்சிடும். அது பிறவியிலயே கொஞ்சம் தாங்குற ஜாதி, மத்த ஆஷ் மொத்தமும் போன மிச்சிகன் காடுகள்லயே நீல ஆஷ் பாதிக்கு மேல உயிரோட நின்னுச்சு. உங்களோடது நீல ஆஷ்னா சந்தோஷம்தான், ஆனா நாங்க தேடுற அபூர்வம் அது இல்ல. குச்சி உருண்டைன்னா, இலை உதிர்ந்த தழும்பைப் பாருங்க. மொட்டு அந்தத் தழும்புக்குள்ள குழியில உக்காந்த மாதிரி லாட வடிவத்துல இருந்தா வெள்ளை ஆஷ், தழும்போட மேல் விளிம்பு நேரா இருந்து மொட்டு அதுக்கு மேல உக்காந்திருந்தா பச்சை ஆஷ். போன் கேமராவை நல்லா பக்கத்துல கொண்டுபோய் எடுத்தா போதும்.

இதெல்லாம் தாண்டி நின்னுச்சுன்னா மட்டும்தான் அதுக்கு இங்க ஒரு பேர் கொடுப்பாங்க, லிங்கரிங் ஆஷ், நான் தமிழ்ல மிஞ்சி நின்ன ஆஷ்னு சொல்றது. கணக்கு என்னன்னா அந்த வட்டாரத்துல 95 சதவீதம் ஆஷ் செத்து ரெண்டு வருஷமாவது ஆனப்புறமும் உச்சி நிறைய இலையோட, மருந்து இல்லாம நிக்கணும், நாலு இஞ்ச் குறுக்களவுக்கு குறையக்கூடாது. உங்க தெரு அந்த கணக்கை எப்பவோ தாண்டிடுச்சு. அப்படி நிக்கிற மரம் எத்தனைன்னா நூத்துல ஒண்ணுகூட வராது.

பட்டையை நிதானமா ஒரு தடவை பாருங்களேன். ஆங்கில டி எழுத்து படுத்த மாதிரி, ஒரு பக்கம் தட்டையா ஒரு பக்கம் வளைஞ்சு சின்ன ஓட்டை இருந்தா வண்டு வெளிய வந்த வழி அது. அதைப் பாத்து பயந்துடாதீங்க. நாலஞ்சு ஓட்டை இருந்து, பக்கத்துல பட்டை நெட்டுக்குத்தா வெடிச்சு அந்த வெடிப்பு உதடு மாதிரி புடைச்சு மூடியிருந்தா எனக்கு நல்ல சேதி, வண்டு வந்திருக்கு, மரம் சண்டை போட்டு ஆறியிருக்குன்னு அர்த்தம். ஓட்டையே இல்லாத மரத்தை விட ஆறின தழும்பு இருக்கற மரத்தைத்தான் நான் முதல்ல நம்புவேன்.

சரி, போத்து. தாண்டிக்குடியில கல்யாணமுருங்கை போத்தை வெட்டி மழைக்கு முன்னாடி குத்தி விட்டா அதுவா வேர் விட்டு மிளகுக்கொடியை தூக்கிக்கும், அப்பா கை ஆயுசு முழுக்க அப்படித்தான் பழகியிருக்கும். ஆஷ் வயசான மரத்துக்குச்சி அப்படி வேர் விடாது. ஹார்மோன் பொடியில முக்கினாலும், பனி மாதிரி தண்ணி தெளிச்சு வெச்சாலும், முப்பது நாப்பது வயசு மரத்துல இருந்து எடுத்த குச்சி தொட்டியில நின்னு காயத்தான் காயும். அப்பா கையில தப்பு இல்ல, மரத்தோட சுபாவம் அது, அவர்கிட்ட இதை கண்டிப்பா சொல்லுங்க.

விதை போடலாமேன்னு அடுத்து கேப்பீங்க. ஆஷ்ல ஆண் மரம் தனி பெண் மரம் தனி, வெள்ளையிலயும் பச்சையிலயும் அப்படித்தான். மகரந்தம் காத்துல வரணும். உங்களோடது ஆண் மரம்னா காயே கிடையாது. பெண் மரம்னா, சுத்தி ஆண் மரம் எல்லாம் செத்துக் கிடக்கறப்ப மகரந்தம் எங்க இருந்து வரும்? காய் பிடிக்காம போகும், பிடிச்சதுலயும் நிறைய பதரா இருக்கும், அந்த இறக்கை வெச்ச காயை நகத்தால கீறி உள்ள வெள்ளையா பருப்பு இருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடும். அப்படியே நல்ல விதை கிடைச்சாலும் அப்பன் யாருன்னு தெரியாது. ஊர்ல நல்ல பங்கனப்பள்ளி மரத்து கொட்டையை போட்டா அதே பழம் வராதுல்ல, அதேதான் இங்கயும், தாயோட குணம் பாதி, மிச்ச பாதி எவனோ ஒரு நோஞ்சான் மரத்தோடதா இருக்கலாம். தெருவுக்கே அந்த கன்னை கொடுத்து, பத்து வருஷம் எல்லாரும் தண்ணி ஊத்தி வளத்து, பதினோராவது வருஷம் வண்டு வந்து மொத்தத்தையும் முடிச்சா அந்த பாவம் நமக்கு வேண்டாம் தம்பி. விதையை சேத்து வைங்க, வேண்டாம்னு சொல்லல, விதை வங்கிக்கு அதுக்கு மதிப்பு இருக்கு, ஆனா ‘பூச்சி தாங்குற கன்னு’ன்னு சொல்லி இப்போ யாருக்கும் கொடுக்காதீங்க.

வழி ஒட்டுதான். மரத்தோட போன வருஷத்து வளர்ச்சிக் குச்சியை, அது குளிர்ல தூங்கிட்டு இருக்கறப்ப, ஜனவரி கடைசியில இருந்து மார்ச் தொடக்கத்துக்குள்ள வெட்டி எடுத்து, நர்சரியில தொட்டியில வளத்த ஆஷ் வேர்ச்செடி மேல கட்டறது. குச்சியும் வேர்ச்செடியும் பென்சில் கனம், ரெண்டையும் சாய்வா சீவி, பச்சை அடுக்கும் பச்சை அடுக்கும் ஒரு பக்கமாவது ஒட்டுற மாதிரி சேத்து, ரப்பர் பட்டை சுத்தி, மேல மெழுகு. நம்ம ஊர் மாங்கன்னு ஒட்டுக்காரர் கண்ணை மூடிக்கிட்டு செய்வார் இதை. இங்க ஒரே வித்தியாசம் குளிர், ஒட்டு ஆற கதகதப்பு வேணும், ஆனா மொட்டு சூட்டுல முழிச்சு ஒட்டு ஆறறதுக்கு முன்னாடியே துளிர்த்துட்டா குச்சியில இருந்த ஈரத்தையெல்லாம் குடிச்சுட்டு செத்துடும், அதனால ஒட்டு போட்ட மூட்டுக்கு மட்டும் சூடு காட்டி மேலயும் கீழயும் குளிர்லயே வைக்கற முறை ஒண்ணு இருக்கு. பிடிச்சதுன்னா உங்க மரத்தோட அச்சு அசல் நகல் அது. இன்னொரு லாபம், வயசான மரத்துக்குச்சிங்கறதால ஒட்டுக்கன்னு சீக்கிரமே பூத்துடும், கொட்டைமாங்கன்னுக்கும் ஒட்டுமாங்கன்னுக்கும் இருக்கற அதே வித்தியாசம்தான், மரத்தை கலப்பு பண்றவங்களுக்கு இது பெரிய வரம்.

ஒட்டுக்கன்னு பத்து இருபது ஆனப்புறம்தான் உண்மையான சோதனை. ஒஹையோவுல டெலாவேர்ங்கற ஊர்ல ஃபாரஸ்ட் சர்வீஸ், அதாவது அமெரிக்க அரசு வனத்துறையோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு, ஜெனிஃபர் கோக் குழுவினர் பல வருஷமா அங்க செய்யறது இதுதான். கூண்டுல வளத்த பெண் வண்டை காபி ஃபில்டர் பேப்பர்ல முட்டை போட வைப்பாங்க, காபி மெஷின்ல வைக்கற அதே பேப்பர். முட்டை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், புதுசா இருக்கறப்ப வெண்ணெய் கலரு, அப்புறம் பழுப்பா மாறும். அந்த பேப்பரை முட்டையோட துண்டு துண்டா வெட்டி, ஒட்டுக்கன்னு தண்டுல முட்டை பட்டையைப் பாத்த மாதிரி வெச்சு கட்டி விடணும். தண்டு கனத்துக்கு இத்தனைன்னு எண்ணித்தான் வைக்கணும், கூட வெச்சா நல்ல கன்னும் விழுந்துடும், குறைச்சு வெச்சா நோஞ்சானும் பாஸ் ஆயிடும். எட்டு வாரம் கழிச்சு கன்னை வெட்டி, சின்ன கத்தியால பட்டையை மெதுவா சீவி சீவி ஒவ்வொரு புழு போன தடத்தையும் தேடணும். தாங்காத கன்னுல பட்டையை தூக்கினதும் தடம் அகலமா பொடி அடைச்சு ஓடும், கடைசியில கொழுத்த புழு ஒண்ணு, வெளுப்பா தட்டையா, உடம்பு முழுக்க மணி மணியா கோத்த மாதிரி, வாலுல ரெண்டு சின்ன பழுப்பு கொக்கியோட நெளியும். தாங்குற கன்னுல முடி கனத்துல ஒரு கோடு கிளம்பும், ஒரு இஞ்ச்கூட போயிருக்காது, நின்னு போயிருக்கும், அந்த இடத்தை சுத்தி மரம் பழுப்பா தழும்பு கட்டி சுவர் எழுப்பியிருக்கும், உள்ள புழு கருத்து காஞ்சு கிடக்கும். நான் முதல் தடவை அதைப் பாத்தப்ப கத்தியை கீழ வெச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன், அவ்ளோ சந்தோஷம்.

எத்தனை செத்துச்சு, எத்தனை உயிரோட இருந்துச்சு, உயிரோட இருந்தது எத்தனை கனம்னு எடை போட்டு எழுதி வைப்பாங்க. மிஞ்சி நின்ன மரங்கள்லயே எல்லாம் இந்த டெஸ்ட்ல தேறாது, சிலது வெறும் அதிர்ஷ்டத்துல நின்னதுன்னு அப்பதான் தெரியும். தேறினதுலயும் முழுசா தாங்குறது கிடையாது, பாதி புழு சாகும், மிச்சம் மெதுவா வளரும், அந்த மாதிரி. ஏன்னா இது ஒரே ஒரு ஜீன் சமாசாரம் இல்ல, பல குணம் சேந்து வர்றது. வண்டோட பிறந்த ஊர்ல இருக்கற மஞ்சூரியன் ஆஷ் அதோட காலங்காலமா மல்லுக்கட்டி பழகினது, வாடிப்போன மரத்துலதான் அங்க வண்டு ஏறும். இங்க இருக்கற மரம் அந்த வண்டை பாத்ததே கிடையாது, இருந்தும் அங்கங்க ஒரு மரத்துக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் எதிர்ப்பு சிதறிக் கிடக்குது. அதை ஒண்ணு சேக்கறதுதான் வேலை. தேறின மரம் ஒண்ணோட ஆண் பூவையும் இன்னொண்ணோட பெண் பூவையும் சேத்து வர்ற பிள்ளைங்கள்ல சிலது அப்பா அம்மாவை விட நல்லா தாங்குதுன்னு டெஸ்ட்ல தெரிய வந்திருக்கு. அந்த நல்ல பிள்ளைங்களை திரும்ப கலந்து, தோட்டமா நட்டு, அதுல வர்ற விதையைத்தான் காட்டுக்கும் தெருவுக்கும் கொடுக்கணும். அதனாலதான் சொல்றேன், உங்க ஒரு மரம் தனியா எதையும் மாத்தாது, ஆனா இருபது முப்பது மரத்தோட குச்சி இருக்கற தோட்டத்துல அது ஒண்ணா சேரறப்ப அதுக்கு விலையே இல்ல. ஒரே மரத்தோட நகலை ஊரெல்லாம் நட்டாலும் ஆபத்து, நாளைக்கு வேற பூச்சி வந்தா எல்லாம் ஒரே மூச்சுல போகும்.

சீனாவுல இருந்து அந்த மஞ்சூரியன் ஆஷையே கொண்டுவந்து நட்டா என்னன்னு சில பேர் கேக்கறாங்க. என் மனசுக்கு அது ஒப்பல. கருப்பு ஆஷ் சதுப்பு நிலத்துல வளர்றது, அனிஷினாபே மாதிரி இந்த மண்ணோட ஆதிக்குடிகள் அதோட கட்டையை தட்டித் தட்டி வளையம் வளையமா நார் பட்டையா பிரிச்சு கூடை முடைவாங்க, அந்தக் கூடைக்கு அந்த மரம்தான் வேணும். அந்த ஊர்ப் பெரியவங்களும் பிள்ளைங்களும் சதுப்புல இறங்கி விதை சேக்கறாங்க. கருப்பு ஆஷ் விதை முளைக்கறது சாதாரண விஷயம் இல்ல, உதிர்றப்ப உள்ள கரு முழுசா வளந்திருக்காது, ஒரு வெயில் காலமும் ஒரு குளிர் காலமும் தாண்டித்தான் கண்ணைத் திறக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். அவ்ளோ பொறுமையா ஒரு மரத்துக்காக காத்திருக்கறவங்ககிட்ட வேற மரம் நட்டுக்கோங்கன்னு எப்படி சொல்றது?

கல்யாணமுருங்கைன்னு சொன்னேன்ல, அப்பாவுக்கு அந்த குளவி ஞாபகம் இருக்கும். 2005 வாக்குல தென்னிந்தியாவுக்குள்ள வந்த சின்ன குளவி, இலையும் கொழுந்தும் கொப்புளம் கொப்புளமா வீங்கி சுருண்டு, மிளகுக்கொடியோட சேத்து மரம் சாஞ்சது. அதே 2005ல ஹவாய்க்கும் அது போச்சு, அங்க கல்யாணமுருங்கையோட சொந்தக்கார மரம் விலிவிலின்னு ஒண்ணு, அந்தத் தீவை விட்டா வேற எங்கயும் கிடையாது. முதல்ல விதையை சேத்து பத்திரப்படுத்தினாங்க, அப்புறம் ஆப்பிரிக்காவுல டான்சானியாவுல இருந்து அந்த குளவியை தின்னுற இன்னொரு குளவியை கொண்டுவந்து சோதிச்சு 2008ல விட்டாங்க, இலை திரும்ப வந்துச்சு. இங்க ஆஷுக்கும் 2007ல இருந்து சீனாவுல இருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவிகளை விடறாங்க, சிலது முட்டைக்குள்ள, சிலது புழுவுக்குள்ள முட்டை வைக்கும். குளவி வண்டு எண்ணிக்கையை குறைச்சா பாதி தாங்குற மரம்கூட முழுசா நின்னுடும், ரெண்டும் சேந்து போனாத்தான் காடு திரும்பும்னு நான் நம்பறேன்.

ஒரு வருத்தத்தையும் சொல்றேன், அப்பதான் நான் வெட்டாதீங்கன்னு ஏன் இப்படி பறக்கறேன்னு புரியும். ஒரு பூங்கா ஓரத்துல வெள்ளை ஆஷ் ஒண்ணை ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டே வந்தேன், சுத்தி எல்லாம் வெறும் கட்டை, இது மட்டும் குடை மாதிரி. அடுத்த பிப்ரவரியில குச்சி எடுக்கறதா தேதிகூட குறிச்சாச்சு. நவம்பர்ல காஞ்ச ஆஷ் எல்லாத்தையும் அப்புறப்படுத்துற கான்ட்ராக்ட் எடுத்தவங்க பட்டியல்ல ஆஷ்னு இருந்ததை எல்லாம் வெட்டிட்டாங்க, நான் போறப்ப மரத்தூள் இன்னும் ஈரமா இருந்துச்சு. வசந்தத்துல அடிக்கட்டை துளிர்த்துச்சு, சரி தப்பிச்சோம்னு கம்பிவலை எடுத்துக்கிட்டு அடுத்த வாரம் போனா மான் மொத்தத்தையும் மேஞ்சுட்டு போயிருந்தது. அந்த மரத்தோட ஒரு குச்சிகூட எங்ககிட்ட இல்ல.

அதனால நீங்க செய்ய வேண்டியது. இப்போ இலை இருக்கறப்பவே மரத்தை நாலு பக்கமும் நின்னு போட்டோ எடுங்க, உச்சி முழுசா தெரியணும், அடிமரத்தை டேப்போட ஒண்ணு, பட்டைத் தழும்பை ஒண்ணு. ட்ரீஸ்நாப்னு ஒரு ஆப் இருக்கு, இந்த மாதிரி மரங்களை பதிவு பண்றதுக்குன்னே பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்சது, அதுல ஏத்துங்க. கூடவே ஒஹையோவுல ஹோல்டன் ஆர்போரீட்டம்ங்கற மரத் தோட்டத்தை மையமா வெச்சு கிரேட் லேக்ஸ் பேசின் ஃபாரஸ்ட் ஹெல்த் கொலாபரேட்டிவ்னு ஒரு கூட்டமைப்பு ஓடுது, மிச்சிகன் ஆளுங்களும் அதுல இருக்காங்க, அவங்களுக்கு எழுதுங்க, மருந்து போடாத மரம், சுத்தி செத்த வருஷம் இது, சுத்தளவு இதுன்னு மூணையும் முதல் வரியிலயே சொல்லிடுங்க. அவங்க வந்து பாத்து சரின்னா குளிர்காலத்துல குச்சி எடுப்பாங்க. நல்ல குச்சி வெயில் படுற மேல் உச்சியிலதான் இருக்கும், நீள கம்புக் கத்திரியோ ஏறத் தெரிஞ்ச ஆளோ வேணும், நீங்க ஏணி போட்டு ஏறாதீங்க, பனியில வழுக்கி விழுந்தா மரத்தை விட அது பெரிய கஷ்டம். வெட்டின குச்சியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நண்பர்கள் வீட்டுக்கு அனுப்பவும் வேண்டாம், விறகாவும் கொண்டுபோக வேண்டாம், வண்டு பாதி அமெரிக்காவுக்கு விறகு வண்டியிலதான் போச்சு. 2022ல ஒரிகன் வரைக்கும் போயிடுச்சு.

ஊசி விஷயம். எமாமெக்டின் ஊசி நல்ல மருந்துதான், ரெண்டு மூணு வருஷம் தாங்கும், கம்பெனிக்காரங்க அதுல பொய் சொல்லல. ஆனா மருந்து ஏறின மரத்துக்குச்சியை டெஸ்ட் பண்ணா புழுவை கொன்னது மரமா மருந்தான்னு சொல்ல முடியாது, அதனால குச்சி எடுக்கற வரைக்கும் பொறுங்க. இத்தனை வருஷம் தானா நின்ன மரம் இன்னும் ஒரு குளிர்காலம் நிக்கும். ஒட்டு பிடிச்சு நகல் பத்திரமாயிடுச்சுன்னு சேதி வந்தப்புறம், வீட்டுக்கு பக்கத்துல இருக்கே, குழந்தைங்க விளையாடற இடமாச்சேன்னு நீங்க ஊசி போட்டுக்கிட்டா நான் தப்பே சொல்ல மாட்டேன். நடுவுல உச்சியில மூணுல ஒரு பங்கு காஞ்சுடுச்சுன்னாலோ, மரங்கொத்தி பட்டையை கொத்திக் கொத்தி தண்டு வெளுத்துப் போச்சுன்னாலோ உடனே எழுதுங்க, அப்போ முடிவை மாத்தணும். செத்த ஆஷ் கட்டை சீக்கிரம் நொறுங்கும், அது வீட்டுப் பக்கம் நிக்கவே கூடாது.

தெருவுக்கு கன்னு கேட்டீங்க. இப்போதைக்கு உங்க தெருவுல வேற நாட்டு மரத்தை நடுங்க, பர் ஓக், ஹேக்பெர்ரி எல்லாம் உங்க மண்ணுக்கு நல்லா வரும். ஆஷ் கன்னுக்கு இன்னும் வருஷங்கள் ஆகும்.

அப்பா எப்போ ஊருக்கு கிளம்பறார்னு எழுதலையே. பிப்ரவரி வரைக்கும் இருந்தார்னா குச்சி எடுக்கற அன்னிக்கு அவரை பக்கத்துல நிக்க வைங்க, வெட்டின குச்சியை ஈரத் துணியில சுத்தி கவர்ல போட்டு மரத்தோட பேர் தேதி எழுதற வேலையை அவர்கிட்ட கொடுங்க. குளிருக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுத்துடுங்க. அந்தத் தொட்டியில இருக்கற இருபது குச்சியையும் பிடுங்கி குப்பையில போட்டுட்டு, அதே தொட்டியில அவருக்கு பிடிச்ச கொத்தமல்லியை விதைக்க சொல்லுங்க.